மலையில் குடியேறிய பிறகு காப்பகத்து நாயைத் தத்தெடுப்பது எப்படி

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காப்பகங்களில் இருப்பவை தெருவில் பிறந்த நாய்கள் மட்டும் அல்ல. லாப்ரடார், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் எல்லாம் உண்டு. சீசன் முடிந்ததும் பங்களாவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கியவர்கள் விட்டுப் போனவை சில. எஸ்டேட் வேலை மாறியவர்கள் விட்டுப் போனவை சில. ‘குளிர் ஊர்தானே’ என்று ஹஸ்கி வாங்கி, அது முடி கொட்டுவதையும் ஊளையிடுவதையும் பார்த்து மனம் மாறியவர்கள் விட்டவை இன்னும் சில. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய் வரை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை.

துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று பல வருஷம் இருந்துவிட்டு மலைக்குக் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அங்கே நாய் வளர்த்த பழக்கம் இருந்தாலும் இங்கே மூன்று விஷயங்கள் வேறு: இரவில் சிறுத்தை நடமாடுகிறது, வருஷம் முழுக்க உண்ணி இருக்கிறது, நாய் வழியே ரேபிஸ் பரவும் நாடு இது. இந்த மூன்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் காப்பகத்துக்குக் கிளம்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலில் நாயைக் கொண்டுவருகிறார்கள், ஏற்பாட்டைப் பிறகு யோசிக்கிறார்கள்.

எப்போது எடுக்கலாம்

வந்து இறங்கிய முதல் மாதத்தில் வேண்டாம். கன்டெய்னர் சுங்கத்தில் கிடக்கும், கேஸ் இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் அலைய வேண்டியிருக்கும், கோவைக்கு வாரம் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டிவரும். புது நாய் அந்த நேரமெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும். அப்படி இருக்கும் நாய் கதவைப் பிறாண்டும், மெத்தையைக் கிழிக்கும். ‘இது சரிவராது’ என்று மூன்றாவது வாரமே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தை நாய் இல்லாமல் பார்த்துவிடுவது நல்லது. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழைதான் பெரிது. துணி காயாமல், மின்சாரம் இல்லாமல், மண் சரிந்து பாதை அடைபட்டு நான்கு நாள் கழித்த பிறகுதான், இந்த ஊரில் இருக்கப் போகிறோமா இல்லையா என்பதே சிலருக்குத் தெரியவருகிறது. நாட்டு நாய் நன்றாகப் பராமரித்தால் 12 முதல் 14 வருஷம் இருக்கும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில், வருஷா வருஷம் விசா புதுப்பித்து இருப்பவர் என்றால், உங்களுக்கு அடுத்து நாயை ஏற்றுக்கொள்ளும் ஒருவரின் பெயர் காகிதத்தில் இருக்கட்டும். அந்த ஒருவர் இந்தியாவில் நிரந்தரமாக இருப்பவராக இருக்க வேண்டும்.

வாடகை வீடு என்றால், வீட்டுக்காரர் வாய்வார்த்தையாக ‘வெச்சுக்கோங்க சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல’ என்றது போதாது. 11 மாத ஒப்பந்தத்தில் ‘ஒரு நாய் வளர்க்க அனுமதி உண்டு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வீடு விற்றுப் புது உரிமையாளர் வரும்போது அந்த ஒரு வரிதான் பேசும். எஸ்டேட் குவாட்டர்ஸ் என்றால் மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

காப்பகத்தில் பார்க்க வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு போகாதீர்கள். எல்லா நாயும் ஒரே மாதிரி குதித்துக் குரைக்கும், எதுவும் தெரியாது. தீனி வைக்கும் நேரம் எது என்று கேட்டு, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய் ஓரமாக நில்லுங்கள். எந்த நாய் தட்டை விட்டு மற்ற நாயைத் துரத்துகிறது, எது பயந்து கடைசியில் வருகிறது, எது சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கிறது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். முதல் நாய் வளர்ப்பவருக்கு அந்தக் கடைசி வகைதான் பொருத்தம்.

அலுவலகத்தில் இருப்பவரைவிட, கூண்டு கழுவுகிறவருக்கு நாயைப் பற்றி அதிகம் தெரியும். அவரிடம் நேராகக் கேளுங்கள்: “அக்கா, இவன் தட்டுல இன்னொரு நாய் வாய் வெச்சா என்ன பண்ணுவான்?” “ஆம்பளைங்க கிட்ட போனா ஒதுங்குறானா?” “பூனையைப் பாத்தா?” “இதுக்கு முன்னால யாராவது கூட்டிட்டுப் போயி திருப்பி விட்டாங்களா, ஏன்?” கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மிக முக்கியம். ‘கோழியைப் பிடிச்சிட்டான்னு விட்டாங்க’ என்றால், பக்கத்து வீட்டில் கோழி இல்லாத இடத்துக்கு அவன் நல்ல நாய். ‘பிள்ளையைக் கடிச்சிட்டான்’ என்றால் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். நாயைக் கூப்பிட அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே குறித்துக்கொண்டு வந்து வீட்டிலும் சொல்லுங்கள். புதுப் பெயரைப் பிறகு பழக்கலாம்.

எங்கள் பரிந்துரை இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் உள்ள நாய். குணம் உருவாகி முடிந்திருக்கும், பார்ப்பதுதான் கிடைக்கும். குட்டிதான் வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள். நான்கு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கு பார்வோ என்ற குடல் வைரஸ் நோயின் அபாயம் அதிகம். இன்று துள்ளி விளையாடும் குட்டி மூன்று முதல் ஏழு நாளில், சில சமயம் இரண்டு வாரம் வரை கழித்தும், ரத்தமாகக் கழிந்து விழலாம். குட்டி எடுத்தே தீருவேன் என்றால் இரண்டாவது தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆனதை எடுங்கள்.

உடம்பில் பார்க்க வேண்டியவை: ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ. காதில் புளித்த வாடை வந்தால் பூஞ்சை. நெற்றியோ காலோ தாளம் போடுவது போல விட்டு விட்டுத் துடித்தால், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாயாக இருக்கலாம். பல் எனாமலில் குழி குழியாக இருப்பதும் அதன் தடம்தான். அந்தத் துடிப்பு வாழ்நாள் முழுக்க இருக்கும், ஆனால் பல நாய்கள் அதோடு நன்றாகவே வாழ்கின்றன. தெரிந்தே எடுத்தால் தவறில்லை. காதின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் கருத்தடை செய்த நாய் என்று பொருள். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற கட்டியோ சொட்டுச் சொட்டாக ரத்தமோ இருந்தால், இணை சேரும்போது பரவும் கட்டி அது. வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். அதற்காக நாயை ஒதுக்க வேண்டாம், சிகிச்சை முடித்துத் தரச் சொல்லுங்கள்.

பிறகு நாயைப் பின் வாசல் வழியே அல்லாமல் முன் கேட் வழியே வெளியே நடத்திச் செல்லுங்கள். மேட்டில் ஏற்றி இறக்குங்கள். பழைய விபத்தில் இடுப்பு விலகிய நாய் சமதரையில் நன்றாக நடக்கும், இறக்கத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி வைக்கும். உங்கள் வீட்டுக்கு 40 படி ஏற வேண்டும் என்றால் இது முக்கியம். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதையும் கொண்டுவந்து, இரண்டையும் ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடத்துங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தி அறிமுகம் செய்வதுதான் சண்டையின் ஆரம்பம்.

காகிதங்கள் எளிது: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வீட்டுக்காரர் சம்மதம், தத்தெடுப்புப் படிவம். காப்பகத்தார் வீட்டைப் பார்க்க வருவார்கள், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்கி வர வேண்டியது தடுப்பூசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண். உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ நாய் உரிமம் தேவையா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

மலைப்பாதையில் கொண்டுவருவது

கோவை, மைசூர் காப்பகங்களிலிருந்து எடுத்து வருகிறவர்கள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு, மைசூரிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு வந்தால் 36. காரே ஏறாத நாய் முதல் மூன்று வளைவுகளிலேயே வாந்தி எடுக்கும். கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் முன்னால் தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம். பயண வாந்திக்கு மரோபிடன்ட் மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். காரில் ஏறும்போது கொடுத்துப் பயனில்லை.

நாயைக் கூண்டிலோ, பின் சீட்டில் மார்புப் பட்டையை சீட் பெல்ட்டோடு கட்டியோ கொண்டுவாருங்கள். வழியில் தேநீருக்கு நிறுத்தினால் கதவைத் திறப்பதற்கு முன் கயிறு கையில் இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பாய்ந்த நாயைக் காட்டுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரண வேலை இல்லை. மைசூரிலிருந்து வருகிறவர்கள் பந்திப்பூர்–முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைத்திருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வெளிமாவட்ட வண்டி என்றால், 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கேட்கப்படும் இ-பாஸையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடி வரிசையில், பயந்த நாயோடு நிற்பது இருவருக்கும் தண்டனை.

இரவு

மலையில் நாய் வளர்ப்பதில் இதுதான் தலையாய விஷயம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எதுவாக இருந்தாலும் தேயிலைத் தோட்டமோ சோலையோ பள்ளமோ வீட்டுக்கு அருகில் இருந்தால் சிறுத்தை வரும். அதற்கு நாய் எளிதான இரை. ஆறடி மதிலைச் சிறுத்தை தாண்டும். விளக்கு போட்டு வைத்தால் வராது என்பதும், நாய் குரைத்தால் ஓடிவிடும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. இரவில் வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் தப்பிக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது.

ஆகவே மாலை 6 முதல் காலை 6 வரை நாய் வீட்டுக்குள். வராந்தா வீட்டுக்குள் ஆகாது, கம்பிக் கதவு போட்டு அடைத்திருந்தால் மட்டுமே ஆகும். காவலுக்காக நாய் வேண்டும் என்கிறவர்களுக்கும் இதே விதிதான். உள்ளே படுத்திருக்கும் நாயும் வெளியே ஆள் நடமாட்டம் கேட்டால் குரைக்கும், உங்களுக்குத் தேவையானது அந்தக் குரைப்புதான்.

எந்தக் காரணத்தாலோ உள்ளே விட முடியாது என்றால் கூண்டு இப்படி இருக்க வேண்டும்: 15 முதல் 20 கிலோ நாய்க்கு ஆறடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி உயரம். இரும்புச் சட்டம், 8 கேஜ் வெல்டு மெஷ், கண் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. செயின் லிங்க் வேலி வேண்டாம், இழுத்தால் வளைந்து கொடுக்கும். மெஷ் நான்கு பக்கமும் அடித்துவிட்டு மேலே வெறும் தகரத்தைப் போட்டுக் கல் வைத்துவிடுவார்கள், தவறு நடப்பது அங்கேதான். கூரையிலும் மெஷ் வெல்டிங் செய்து அதன் மேல் தகரத்தை நட்டு போட்டு முடுக்க வேண்டும். தாழ்ப்பாளில் ஒரு பூட்டோ கொக்கியோ மாட்டுங்கள். மூன்று பக்கம் பலகை அடித்து, நாய் வெளியே தெரியாதபடி ஒரு மூலை இருக்கட்டும். மெஷ்ஷுக்கு வெளியே சிறுத்தை சுற்றி வந்தாலே பயத்தில் நாய் மோதிக் காயப்படுத்திக்கொள்ளும்.

தீனித் தட்டை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். காட்டுப்பன்றி வரும், கோத்தகிரி குன்னூர் பக்கம் கரடியும் வரும். கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடி வருகிற கரடிக்கு நாய்ச்சோறு விருந்து. காலை நடை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு. மூடுபனியில் காட்டெருமை பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது, கயிறு இல்லாத நாய் அதை நோக்கிக் குரைத்துவிட்டு நேராக உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். தோட்ட ஓரங்களில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும், தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும் இருக்கும். அவுட்டுக்காயை ஒருமுறை கடித்தால் தாடை சிதறிவிடும். நாயைக் கயிறில்லாமல் விடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். தேயிலைக்கு மருந்து அடித்த தோட்டத்துக்குள்ளும் அன்றும் மறுநாளும் போகாதீர்கள், பாதத்தை நக்கும்போது மருந்து உள்ளே போகும்.

ஊசி, உண்ணி, அட்டை

வீட்டுக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய விவரம் தெரியாத பெரிய நாய்க்கு டிஸ்டெம்பர்–பார்வோ–லெப்டோ (எலிக்காய்ச்சல்) கூட்டு ஊசி மூன்று முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு, ரேபிஸ் ஊசி ஒன்று போட்டு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், பிறகு வருஷம் ஒரு முறை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் ஆகும் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று, ரேபிஸ் 12 வாரத்தில். லெப்டோவை ‘தேவையில்லை’ என்று சிலர் விட்டுவிடுவார்கள். எலியும் ஈரமும் உள்ள மலையில் அது மிகவும் தேவை, அது மனிதருக்கும் தொற்றும். குடற்புழு மாத்திரை வந்த அன்று, இரண்டு வாரம் கழித்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

ரேபிஸ் பற்றி ஒரு விஷயம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிக்காகத்தான். நூறு வருஷத்துக்கு மேலாக மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ‘நம்ம வீட்டு நாய்தானே கீறிச்சு’ என்று விட்டுவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊசிக் கணக்குத் தெரியாத புது நாய் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். நாயைக் கொல்லவோ விரட்டவோ கூடாது, 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல்தான் இங்கே நாய்களை அதிகம் படுக்க வைப்பது. எர்லிக்கியா, பேபேசியா என்ற இரண்டு கிருமிகளும் உண்ணி வழியே வரும். தீனி மறுப்பது, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், கருத்த சிறுநீர் ஆகியவை அறிகுறி. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-ஐத் தாண்டினால் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையோடு ரத்தப் பரிசோதனை அன்றே செய்ய வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம். ஐந்தாவது நாளே நாய் எழுந்து வாலாட்டும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், இரண்டு மாதத்தில் நோய் திரும்பும். மாத்திரையைத் தீனிக்குள் வைத்து, பின்னாலேயே தண்ணீர் கொடுங்கள், வறண்ட தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும். பேபேசியாவில் பல வகை. பெரிய வகைக்குப் போடும் இமிடோகார்ப் ஊசி கிப்சோனி என்ற சிறு வகையைச் சரியாக ஒழிக்காது. எந்த வகை என்று சோதித்த பிறகு மருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

தடுக்க, ஃப்ளூரலானர் மாத்திரை 12 வாரத்துக்கு ஒன்று அல்லது அஃபாக்ஸோலானர் மாதம் ஒன்று, நாயின் எடைக்கு ஏற்ப. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை ‘ஒரு சொட்டு போட்டா போதும்’ என்று பக்கத்துத் தோட்டத்தில் யாராவது சொல்வார்கள். கோலி இனக் கலப்புள்ள நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து.

மழைக்காலத்தில் அட்டை. காலிலும் விரலிடுக்கிலும் ஒட்டியதை நகத்தால் வழித்து எடுத்தால் போதும். ஓடைத் தண்ணீர் குடித்த நாய்க்கு மூக்குக்குள் அட்டை ஏறிவிடும். ஒரே நாசியில் விட்டு விட்டு ரத்தம், ஓயாத தும்மல், முன்னங்காலால் மூக்கைத் தேய்ப்பது. உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும் என்பதால் இரண்டையும் டாக்டர் பார்க்கட்டும், நீங்களாக உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பார்வோ வந்து போன வீடு என்றால் பினாயில் ஊற்றிக் கழுவிப் பயனில்லை, அந்த வைரஸ் அதற்குச் சாகாது. ஒரு பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிவிட்டு, பத்து நிமிஷம் ஈரம் காயாமல் நிற்க விடுங்கள். தோட்டத்து மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் அது உயிரோடு இருக்கும், அங்கே ஊசி முடியாத குட்டியை விட வேண்டாம்.

மலையில் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இரவு இரண்டு மணிக்கு எக்ஸ்ரேயும் ரத்தம் ஏற்றுவதும் கிடைக்காது. நீலகிரிக்காரர்கள் கோவைக்கும், கொடைக்கானல்காரர்கள் தேனி அல்லது உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகும் வழியை, தொலைபேசி எண்ணோடு, இப்போதே எழுதி வையுங்கள்.

முதல் மாதம்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்தார் ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் சொந்த குணம் வெளிவரும். கணக்கு ஏறக்குறைய சரி. அந்த முதல் மூன்று நாளில் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்து நாயைக் காட்டுவதுதான் நம் ஊர் வழக்கமாக இருக்கிறது. வேண்டாம். ஒரு அறை, ஒரு படுக்கை, ஒரு ஆள்.

ஓடிப்போவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். நாட்டு நாய்க்குக் கழுத்து தடிப்பு, தலை ஒடுக்கம். சாதாரண பெல்ட் போட்டிருந்தால் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போகும் அளவு இறுக்கம் வைத்து, மார்புப் பட்டையும் சேர்த்து, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். கழுத்துப் பெல்ட்டில் தொங்கும் வில்லையில் இந்திய மொபைல் எண்ணைப் பொறியுங்கள். இன்னும் பழைய துபாய் எண்ணையே வைத்திருப்பவர்கள் உண்டு, நாயைக் கண்டெடுத்த தோட்டத் தொழிலாளி அதற்கு அழைக்க மாட்டார். மைக்ரோசிப் பதிவிலும் அதே போல எண்ணை மாற்ற வேண்டும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். குட்டை முடி நாட்டு நாய்க்கு சிவப்புச் சிமென்ட் தரை ஆகாது. தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிய பலகை, மேலே மடித்த கம்பளி. ஹஸ்கிக்குக் குளிர் பொருட்டில்லை, ஈரம்தான் எதிரி. நனைந்த அடிமுடி காயாமல் இருந்தால் தோல் புண்ணாகும், நடந்து வந்ததும் அடிவயிறு வரை துவட்டுங்கள். மலம் அள்ள பிளாஸ்டிக் பை தேடாதீர்கள், மாவட்டத்தில் தடை. பழைய செய்தித்தாளில் அள்ளிக் குழியில் போடுங்கள்.

சாப்பாடு

காப்பகத்தில் தின்றதையே முதல் வாரம் கொடுத்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். 15 கிலோ பெரிய நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். கடைத்தீனி என்றால் ஏறக்குறைய 230 கிராம். வீட்டுச் சோறு என்றால் வடித்த சோறு 300 கிராம், எலும்பில்லாத வெந்த கோழி 200 கிராம், கேரட்டோ பீன்ஸோ ஒரு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், இரண்டு வேளையாகப் பிரித்து. உப்பு, மிளகாய் வேண்டாம். பலரும் மறப்பது சுண்ணாம்புச் சத்து. வறுத்துப் பொடித்த முட்டை ஓடு தினம் அரை டீஸ்பூன். வெறும் சோறும் கோழியும் மாதக்கணக்கில் தின்ற நாய்க்கு எலும்பு பலவீனமாகும். குளிர் மாதங்களில் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டுங்கள்.

வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகாது. பாயசத்தில் விழுந்த உலர்திராட்சையும் அதில் சேர்த்தி. விருந்தாளிகள் ஊட்டி சாக்லேட்டும் வர்க்கியும் கொடுக்க வருவார்கள், கையைத் தடுங்கள். முதலாவது இதயத்தையும் நரம்பையும் தாக்கும், இரண்டாவதில் உள்ள கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும்.

மறுபடியும் நாடு மாறினால்

போகும் எண்ணம் துளியாவது இருந்தால் தத்தெடுத்த மாதமே வேலையைத் தொடங்குங்கள், ஏனென்றால் வரிசை மாறினால் எல்லாம் வீண். முதலில் சர்வதேசத் தரத்து 15 இலக்க மைக்ரோசிப், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி. சிப் போடுவதற்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பா கணக்கில் எடுக்காது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரித்த ஆய்வகத்தில் ரேபிஸ் எதிர்ப்புப் பொருள் மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறது என்று முடிவு வர வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக நான்கு மாதம் குறைந்தபட்சம். பிரிட்டனுக்கும் இதே கணக்கு, கூடவே போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மாத்திரையை மருத்துவர் கையால் கொடுத்துப் பதிய வேண்டும். அமெரிக்காவுக்கு நாய்க்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். இந்தியா அவர்கள் பட்டியலில் ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடு, ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் 28 நாள் தனிமை. ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேரடியாக நாயை ஏற்பதில்லை, அவர்கள் ஒப்புக்கொண்ட இன்னொரு நாட்டின் வழியாகத்தான் போக முடியும்.

நாட்டை விட்டுக் கிளம்பும் ஆரோக்கியச் சான்று சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் கிடைக்கும். நாயை அங்கே காட்ட வேண்டும் என்பதால் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாளாவது மலையிலிருந்து இறங்கிச் சென்னையில் தங்கத் திட்டமிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவை ஐரோப்பா காலவரையின்றி ஏற்கும், ஆனால் ஒவ்வொரு பூஸ்டரும் காலாவதித் தேதிக்குள் போட்டிருந்தால் மட்டும். ஒரே ஒரு நாள் தாண்டினாலும் மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி ரத்தம், மறுபடி மூன்று மாதம்.